பெக்கோக்கில் காற்று திரும்பும்போது

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவங்களைத் தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு வெளியே வந்தால் பெக்கோக்கில் அவற்றில் ஒன்றையும் காணோம். ஜனவரியிலும் அதே பச்சை, ஜூலையிலும் அதே பச்சை. தைப்பூசத்துக்கும் வியர்க்கிறது, தீபாவளிக்கும் வியர்க்கிறது. "நம்ம ஊர்ல வருஷம் முழுக்க ஒரே வெயில்தானே, டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்பது நியாயம்தான்.

ஆனால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டியிடம் இதையே கேட்டுப் பாருங்கள். "யாரு சொன்னது? எலை உதிர்ற காலம் இருக்கு, கொட்டை வெடிக்கிற காலம் இருக்கு, அடைமழைக் காலம் இருக்கு" என்று விரல்விட்டு எண்ணுவார். பாட்டி சொல்வதுதான் சரி. வெப்பமானியை மட்டும் பார்த்தால் இந்த ஊருக்குப் பருவமே இல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, மழை எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பார்த்தால் ஆண்டு தெளிவாகப் பிரிந்து தெரியும்.

முதலில் வெயிலை முடித்துவிடுவோம். ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில் இருக்கும் பெக்கோக், பூமத்திய ரேகைக்கு வடக்கே இரண்டேகால் பாகை தொலைவில்தான் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டு முழுவதும் தலைக்கு அருகிலேயே நடமாடுகிறது. டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரம்தான் ஏறும். பெக்கோக்கில் அதே நாளில் 64 பாகை ஏறிவிடும். பகலின் நீளமும் அப்படித்தான். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே உள்ள வித்தியாசம் கால் மணி நேரம். லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் அதிகம். குளிர்காலம் என்று ஒன்று வரவேண்டுமானால் சூரியன் சாய வேண்டும், பகல் குறைய வேண்டும். இங்கே இரண்டும் நடப்பதில்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மீட்டர் உயரமுள்ள நேரான குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நட்டுக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் சூரியன் உச்சியில் இருக்கும்போது நிழல் தெற்கே விழும். நீளம் 40 சென்டிமீட்டருக்கும் குறைவு. டிசம்பரில் அதே நிழல் வடக்கே திரும்பியிருக்கும். நீளம் அரை மீட்டரை நெருங்கும். இடையில் இரண்டு முறை, மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும், நிழல் குச்சியின் காலடியிலேயே ஒடுங்கிக் காணாமல் போகும். ஆனால் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது போய்ப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பெக்கோக்கில் சூரியன் உச்சிக்கு வருவது மார்ச்சில் ஏறக்குறைய 1 மணி 13 நிமிடத்துக்கு, செப்டம்பரில் 1 மணி 2 நிமிடத்துக்கு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன, சபா, சரவாக்கோடு நேரம் ஒத்துப்போவதற்காக. அதனால்தான் நம் கடிகாரம் சூரியனை இவ்வளவு முந்திக்கொண்டு ஓடுகிறது.

வெப்பநிலைக்கு வருவோம். இங்கே மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். ஆனால் ஒரே நாளில் பிற்பகலுக்கும் மறுநாள் விடியற்காலைக்கும் எட்டு முதல் பன்னிரண்டு டிகிரிவரை வித்தியாசம் வரலாம். பெக்கோக்குக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். கிழக்கே மெர்சிங் கடற்கரையும் மேற்கே பத்து பஹாட் கடற்கரையும் தொலைவில் இருக்கின்றன. கடல் பக்கத்தில் இருந்தால் அது பகல் சூட்டையும் இரவுக் குளிரையும் மட்டுப்படுத்தும். உள்நாட்டில் அந்த வசதி இல்லை. மேகமில்லாத பிப்ரவரி இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. விடிகாலையில் தோட்டத்துப் பள்ளங்களில் பனிமூட்டம் தேங்கி நிற்கிறது. பிற்பகலிலோ 33 டிகிரி கொளுத்துகிறது. ஆக, இந்த ஊரின் கோடைகாலம் பிற்பகல், குளிர்காலம் விடியற்காலை. இரண்டும் தினமும் வந்து போகின்றன.

இனிதான் முக்கியமான விஷயம்: காற்று.

உலக வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நமக்கு வடக்கே ஆசியா என்னும் மாபெரும் நிலம், தெற்கே ஆஸ்திரேலியா என்னும் இன்னொரு பெரிய நிலம். நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். டிசம்பரில் சைபீரியா உறைந்து கிடக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அங்கே அழுத்தம் கூடுகிறது. அதே நேரம் ஆஸ்திரேலியாவில் கடுங்கோடை. சூடான காற்று மேலே ஏறிவிட, அழுத்தம் குறைகிறது. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று ஓடும். அப்படி வடக்கிலிருந்து புறப்படும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கமாகத் திருப்பிவிடுகிறது. நம்மிடம் வரும்போது அது வடகிழக்குப் பருவக்காற்று. ஜூனில் எல்லாம் தலைகீழ். ஆஸ்திரேலியாவில் குளிர், ஆசியாவில் வெயில். தெற்கிலிருந்து கிளம்பும் காற்று பூமத்திய ரேகையைத் தாண்டியதும் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாக வருகிறது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை ஆண்டை இப்படித்தான் பிரிக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச்வரை வடகிழக்குப் பருவக்காற்று. மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் நடுவே காற்று எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தடுமாறும் இரண்டு இடைக்காலங்கள். நம் முன்னோர்களின் கப்பல்கள் இந்தக் காற்றுகளை நம்பித்தான் ஓடின. தமிழகத்து வணிகர்கள் தென்மேற்குக் காற்றில் இங்கே வந்து, காற்று திரும்பும்வரை துறைமுகங்களில் காத்திருந்து, வடகிழக்குக் காற்றில் ஊர் திரும்பினார்கள். மலாக்கா பெரிய துறைமுகமாக வளர்ந்ததற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

வடகிழக்குக் காற்று சீனாவிலிருந்து கிளம்பும்போது வறண்ட காற்றுதான். தென்சீனக் கடலின் மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும் வழியில் நீராவியைக் குடித்துக்கொண்டே வருகிறது. முதலில் கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் கொட்டுகிறது. சூரியன் தெற்கே நகர நகர மழைப்பட்டையும் தெற்கே நகர்ந்து, டிசம்பர், ஜனவரியில் பகாங்குக்கும் ஜொகூருக்கும் வந்து சேர்கிறது. அப்போது பெய்யும் மழையை அதன் குணத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். இடி இருக்காது. ஆர்ப்பாட்டம் இருக்காது. வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். காலையில் ஆரம்பித்த தூறல் மாலையிலும் இருக்கும், மறுநாளும் இருக்கும். வெயிலே எட்டிப் பார்க்காததால் பகலில்கூட 24, 25 டிகிரியைத் தாண்டாத நாள்கள் வரும். கொடியில் போட்ட பள்ளிச் சீருடை மூன்று நாளானாலும் காயாது. வடக்கே குளிர் முற்றி, காற்று திடீரென்று வேகம் எடுத்துப் பாயும்போது இப்படி அடைமழை பிடித்துக்கொள்கிறது. வானிலை ஆய்வாளர்கள் இதைக் குளிர்க்காற்றுப் பாய்ச்சல் என்பார்கள்.

இந்த மழையில் பால்மரத் தோட்டங்களில் என்ன நடந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். பால்மரத்தை விடிவதற்கு முன்பே வெட்டத் தொடங்குவார்கள். இரவின் குளிர்ச்சியில் மரத்தின் உள்ளே நீர் நிறைந்திருக்கும். பால் குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும். வெட்டியதும் பால் வேகமாக வடியும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகி, அந்த அழுத்தம் குறைந்து, பால் வடிவது மந்தமாகிவிடும். ஆனால் பட்டை நனைந்திருந்தால் எந்த நேரத்தில் வெட்டியும் பயனில்லை. வெட்டிய கோட்டின் வழியே ஒழுங்காக இறங்கி மங்குக் கிண்ணத்தில் விழவேண்டிய பால், ஈரப் பட்டையின் மேல் நாலா பக்கமும் பரவி வீணாகும். மங்கில் விழுந்ததையும் மழைநீர் கலந்து கெடுத்துவிடும். ஆகவே மழை நாளில் மரம் வெட்டு கிடையாது. நாள்கூலிக்காரர்களுக்கு டிசம்பர் அடைமழை என்றால் கையில் காசு குறையும் மாதம். வானிலை அறிவியல் என்பது படிப்பு மட்டும் இல்லை, வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்டது என்பதைத் தோட்டத்து மக்கள் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு.

பெக்கோக் வட்டாரத்தில் பெய்யும் மழை எங்கே போகிறது தெரியுமா? இரண்டு கடல்களுக்குப் போகிறது! பெக்கோக் ஆறு மேற்குப் பக்கமாக இறங்கி, பத்து பஹாட் ஆற்றுப் படுகையில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. ஊருக்குக் கிழக்கே எண்டாவ் ரோம்பின் தேசியப் பூங்காவின் காட்டில் ஓடும் சிலாய் ஆறோ, எண்டாவ் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. அடுத்தடுத்து விழும் இரண்டு மழைத்துளிகளில் ஒன்று மேற்குக் கடலையும் மற்றொன்று கிழக்குக் கடலையும் சென்றடையும் இடம் இந்த வட்டாரத்துக் குன்றுகளில் இருக்கிறது. சிலாய்ப் பக்கத்துக் காட்டில் தக்கா திங்கி, தக்கா பாண்டான் போன்ற அருவிகள் உண்டு. மழைக்காலத்தில் அங்கே ஆறு சட்டென்று பொங்கிவிடும். மேலே மலையில் பெய்த மழை கீழே வெயிலில் நிற்பவருக்குத் தெரியாது.

அடைமழை அளவு மீறினால் வெள்ளம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் அடுத்தடுத்து இரண்டு முறை பெருவெள்ளம் வந்தது. சிகாமட், கோத்தா திங்கி போன்ற ஊர்கள் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 2011 ஜனவரி கடைசியில், சீனப் புத்தாண்டு நெருங்கிய நேரத்தில், சிகாமட் மறுபடியும் மூழ்கியது. 2023இல் மார்ச் மாதத் தொடக்கத்தில், பருவக்காற்று முடியப்போகும் வேளையில், பெருமழை வந்தது. ஜொகூரில் 40,000க்கும் அதிகமானோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். பத்து பஹாட் பகுதியில் தாழ்வான இடங்களில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. மலைப்பக்கத்து வெள்ளம் ஓரிரு நாளில் இறங்கிவிடும். சமவெளியில் ஆறு மெதுவாக ஓடுவதாலும், கடல் ஏற்றம் ஆற்றுநீரைத் தடுப்பதாலும் அது தேங்கி நிற்கும்.

ஓர் அபூர்வ நிகழ்ச்சியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பூமத்திய ரேகைக்கு மிக அருகில் புயல் உருவாகாது என்பது அறிவியல் பாடம். காற்றைச் சுழற்றிவிடும் பூமிச் சுழற்சியின் விளைவு அங்கே ஏறக்குறைய இல்லை. ஆனால் வாமெய் என்ற புயல் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரை பாகைக்குள்ளேயே உருவாகி, 2001 டிசம்பர் 27 அன்று ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கியது. குறுகிய கடலில் மாட்டிக்கொண்ட வடகிழக்குப் பருவக்காற்றின் வேகமும் போர்னியோ பக்கத்தில் இருந்த காற்றுச் சுழியும் சேர்ந்து அதைச் செய்துவிட்டன. உலகத்து வானிலை அறிஞர்கள் இன்றும் ஆராயும் புயல் அது. நம் மாநிலத்தில் கரையேறியது!

பிப்ரவரியில் மழை குறைந்து வானம் வெளுக்கிறது. அப்போதுதான் பால்மரம் இலையுதிர்க்கும். பச்சை இலை மஞ்சளாகி, செம்பழுப்பாகி, கொத்துக் கொத்தாக விழுந்து தரையை மூடிவிடும். நடந்தால் காலடியில் சரசரக்கும். குளிர்நாடுகளில் மரங்கள் குளிருக்குப் பயந்து இலையை விடுகின்றன. பால்மரம் வறட்சிக்குப் பயந்து விடுகிறது. மண்ணில் ஈரம் குறையும்போது இலைகள் நீரை வெளியே விட்டுக்கொண்டே இருந்தால் மரத்துக்கு ஆபத்து. ஆகவே பழைய இலையைக் கழித்துவிட்டு, சில வாரங்களில் செம்பு நிறத்தில் புதுத்தளிர் விடுகிறது. அந்த நாள்களில் பாலும் குறையும். இன்று பெக்கோக்கைச் சுற்றிப் பால்மரங்கள் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. செம்பனை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக் காலத்தைச் சொல்ல முடியாது. பால்மரத் தோட்டம் எங்கேனும் மிச்சமிருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல், மே மாதங்கள் இடிமழைக் காலம். அக்டோபரும் நவம்பர் தொடக்கமும் அப்படித்தான். காற்று வலுவாக எந்தப் பக்கமும் அடிக்காததால் உள்ளூர் வெயிலே மழையைத் தயாரிக்கிறது. காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பத்து மணிக்கு வெள்ளை மேகத் துண்டுகள் தோன்றும். காடும் தோட்டமும் விடும் நீராவி சூடான காற்றோடு மேலே ஏற ஏற அவை கோபுரமாக வளரும். மூன்று, நான்கு மணிக்குக் கீழ்ப்பக்கம் கறுத்து, மேல்பக்கம் 15 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டிருக்கும். திடீரென்று ஒரு குளிர்காற்று வீசும். அது மழையோடு மேகத்திலிருந்து இறங்கிவரும் காற்று. ஐந்து பத்து நிமிடத்தில் மழை வந்துவிடும் என்று அர்த்தம். தீபாவளி இந்தக் காலத்தில் வருவதால்தான் மாலையில் மத்தாப்புக் கொளுத்த வானத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மின்னலைப் பார்த்ததும் நொடிகளை எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்டதும் நிறுத்தி, வந்த எண்ணை மூன்றால் வகுங்கள். அத்தனை கிலோமீட்டர் தொலைவில் மின்னல் விழுந்திருக்கிறது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி எடுக்கும் என்பதுதான் கணக்கு. உலகில் இடிமின்னல் மிக அதிகமாக உள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. இந்த எண்ணிக்கையை வீட்டுக்குள் இருந்து செய்யுங்கள். இடி காதில் விழும் தூரத்தில் இருந்தாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது. திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். தனிமரத்தின் அடியில் ஒருபோதும் ஒதுங்காதீர்கள்.

ஜூனிலிருந்து தென்மேற்குக் காற்று. இது இந்தியாவில் கேரளத்தையும் மும்பையையும் நனைக்கும் காலம். நமக்கோ மழை குறைவான காலம். ஏனென்றால் நமக்கு மேற்கே சுமாத்ரா தீவின் நீளம் முழுக்க உயர்ந்த மலைத்தொடர் இருக்கிறது. வரும் காற்றின் ஈரத்தை அந்த மலைகள் வாங்கிக்கொண்டு நமக்குக் குடைபிடிக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே உள்ள தமிழ்நாட்டின் உள்பகுதிகளுக்குத் தென்மேற்கு மழை குறைவதும் இதே காரணத்தால்தான். ஆனாலும் சில விடியற்காலைகளில் பலத்த காற்றோடு ஒரு மழை வந்து கதவைத் தட்டும். இரவில் நீரிணைக்கு மேலே நீண்ட வரிசையாகத் திரளும் இடிமேகங்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து வருவதால் வரும் மழை அது. சுமாத்ரா காற்று என்றே அதற்குப் பெயர். மாலை மழையா, விடிகாலை மழையா, நாள்முழுக்கத் தூறலா என்று பார்த்தாலே ஏறக்குறைய எந்த மாதம் என்று சொல்லிவிடலாம்.

வறண்ட வெயிலில்தான் பால்மரக் காய்கள் வெடிக்கும். காய்க்குள் மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. ஓடு காய்ந்து சுருங்கும்போது ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுபடும். இழுப்பு தாங்காமல் பட்டென்று பிளந்து, புள்ளிபோட்ட பளபளப்பான கொட்டைகளைப் பல மீட்டர் தூரத்துக்கு வீசும். டுரியான் வருவதும் இந்தச் சமயத்தில்தான். சில வாரம் மழையில்லாமல் இருந்தால்தான் டுரியான் மரம் பூக்கும். பூத்து மூன்று நான்கு மாதம் கழித்துப் பழம். ஆண்டுத் தொடக்கத்தில் காய்ந்த வாரங்களுக்கான பலன் ஆண்டு நடுவில் கூடையில் வந்து விழுகிறது.

இந்தக் காலத்தின் கெட்ட பக்கம் புகைமூட்டம். சுமாத்ராவில் கரிநிலங்கள் எரிந்தால் தென்மேற்குக் காற்று அந்தப் புகையை நேராக இங்கே கொண்டுவருகிறது. 2013 ஜூன் 23 அன்று பெக்கோக்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம். மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. எல் நினோ ஆண்டுகளில், அதாவது பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில், நம் பக்கம் மழை குறைந்து இந்த ஆபத்து கூடும். 1997, 2015 ஆண்டுகளின் கொடும் புகைமூட்டங்கள் அப்படி வந்தவை.

இவ்வளவும் படித்தபின் ஒரு வேலை செய்யுங்கள். நேரான பக்கங்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்து, தோள் வளையத் தொடங்கும் இடத்தில் பெரியவர்கள் உதவியோடு வெட்டுங்கள். அடியில் சிறு கற்களைப் போட்டு, பக்கம் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேலே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டுங்கள். வெட்டிய மேல்பாதியை, மூடியைக் கழற்றிவிட்டு, தலைகீழாக வாயில் செருகினால் மழைமானி தயார். மரமோ கூரையோ மறைக்காத திறந்த இடத்தில், காற்றில் சாயாதபடி வையுங்கள். தினமும் காலை 8 மணிக்குப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பொருள். தண்ணீரை மறுபடி சுழியக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, தேதி, மழை அளவு, பெய்த நேரம், காற்று வந்த திசை நான்கையும் எழுதுங்கள். நோட்டை ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை, இன்றே தொடங்கலாம். ஓர் ஆண்டு விடாமல் எழுதி முடித்ததும் மாதவாரியாகக் கூட்டி, பட்டை வரைபடமாக வரைந்து, உங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.